பவுடர் அப்பிய படங்கள்

புதுச் செல்போனில் எடுத்த படத்தில் என் முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருந்தது. "தானாவே வெள்ளையாக்கிடும் மேடம்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னதும் எனக்குப் பவுடர் வாசம் அடித்தது.

சிதம்பரம் கீழவீதியில் அந்தக் கடை இருக்கும் இடத்தில்தான் முன்பு ஸ்டுடியோ இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அங்கே என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி முகமெல்லாம் பவுடரை அப்புவாள். ஸ்டுடியோக்காரர் விளக்குகளை நகர்த்தி, என் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, "தொடச்சிடும்மா, லைட்டுக்கு மூஞ்சி வெளிறிப்போவும்" என்று கெஞ்சுவார். அம்மா துடைத்துவிட்டு, அவர் கேமராவுக்குக் குனிந்ததும், "புள்ள கறுப்பா வுழுந்துடும்ணே" என்று ஓடிவந்து மறுபடியும் அப்புவாள். நான் தும்முவேன், ஃபோகஸும் போய்விடும்.

அந்தப் படங்கள் ஒன்றிலும் எனக்கு மூக்கு இல்லை. பவுடர் படாத காதுகளில் மட்டும்தான் என் நிறம் மிச்சம்.

இந்தச் செல்போன் காதையும் விட்டுவைக்கவில்லை.