வராத காசுக்கு வரி

இரண்டு சகலைகள் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கவே கூடாது. நம் கிடங்குக் கணக்கரைக் கேட்டால் சத்தியம் செய்து சொல்வார். அவர் மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அதே கம்பெனியில்தான் லாரி ஓட்டுகிறார். ஓட்டிவிட்டுச் சும்மா இருக்கிறாரா மனுஷன்? லீவு நாளில் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார். கை நிறையக் காசு.

கணக்கருக்கு வயிறு எரிந்தது. அவருக்கும் பக்கத் தொழில் ஒன்று உண்டு. மருந்துக்கடை ஒன்றுக்கு வாராவாரம் பில் சரிபார்ப்பார். வருவது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாய்ப் போகும்.

அந்த வருஷம் சம்பளப் பிரிவிலிருந்து உத்தரவு வந்தது. "வெளி வருமானம் இருக்கிறவங்க தோராயமா எழுதிக் கொடுங்க. மாசாமாசம் சம்பளத்துலயே வரியைப் பிடிச்சிக்கிறோம். கடைசியில மொத்தமாக் கட்டி முழி பிதுங்க வேணாம்."

நல்ல ஏற்பாடுதான். ஆனால் சம்பளக் குமாஸ்தாவுக்கு வாய் நீளம். லாரிக்காரர் கொடுத்த தாளைப் பார்த்து, "அடேங்கப்பா! மேனேஜருக்கே கடன் குடுப்பீங்க போலிருக்கே அண்ணே!" என்றார். வரிசையே சிரித்தது. லாரிக்காரர் பின்னால் நின்ற கணக்கரிடம் திரும்பி, "உனக்கு எழுத ஏதாச்சும் இருக்கா சகலை?" என்று கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். இவருக்குத்தான் சுருக்கென்றது. பேனாவை வாங்கி, லாரிக்காரரின் தொகையைவிட ஒன்றரை மடங்கு எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா அதையும் சத்தமாகப் படித்தார். லாரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மத்தியானச் சாப்பாடு கணக்கருக்கு என்னமாய் ருசித்தது!

ருசியெல்லாம் சம்பளம் வரும்வரைதான். குளியலறையை நாலு குடும்பத்தோடு பங்கு போட்டு அலுத்துப்போன மனைவி, தனிக் குளியலறையோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். முன்பணம் இந்த வருஷச் சம்பளத்தில்தான் சேர வேண்டும்.

"என்னங்க, சம்பளம் இவ்ளோ குறைஞ்சிருக்கு?"

"வெளி வருமானத்துக்கு வரி..."

"அந்த வருமானம் எங்கே? எவளுக்குக் கொட்டுறீங்க?" அவள் குரல் உடைந்தது.

ஐயோ, இது வேறா என்று பதறி உண்மையைக் கக்கினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வராத காசுக்கு, வந்த காசுல வரி கட்டுறீங்களா? நல்லா இருக்குய்யா உங்க சாமர்த்தியம்! நாளைக்கே போய் மாத்திக் குடுங்க."

"மாத்தினா அந்தக் குமாஸ்தா அதையும் சத்தமாப் படிப்பான். சகலை காதுல விழும்."

"விழட்டுமே! அத்தானுக்குத் தெரிஞ்சா என்ன, குடியா முழுகிடும்? அக்காகூடப் போன வாரம்..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா என்ன?"

"போன் பண்ணினா. அத்தான் ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடலையாம். உன் வீட்டுக்காரர் நெஜமாவே அவ்வளவு சம்பாதிக்கிறாரான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"அதுக்கும் மேலயே வரும்க்கான்னு சொல்லிட்டேன்."

கூடப் பிறந்தவளிடம் ஒருநாளாவது ஒரு படி மேலே நிற்க அவளுக்கும் எத்தனை வருஷத்து ஆசை! அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மாத்த வேணாம். நாம பார்த்த வீட்டு ஓனரைக் கூப்பிட்டு, வீட்டை வேற ஆளுக்கு விட்டுக்கச் சொல்லிடுங்க."