முன்னால் பறந்தவன் திரும்பிப் பார்த்தான்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி, உட்கார இடம் பிடித்து, பேப்பரைப் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிடும். அவ்வளவு பக்கம்தான். ஆனால் என்னோடு வந்த சங்கரனுக்கு அது ரொம்ப தூரம்.

சங்கரன் என் சித்தி மகன். பட்டாளத்தில் பாராசூட் பிரிவில் இருந்தவன். இப்போது ரிட்டயர் ஆகி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி ஆபீசர். மலையடிவாரம் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறான். பால் காய்ச்சுவதற்கு ஒரே ஒருவரை மட்டும் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவன் கால் நின்றுவிட்டது.

"அழைப்பிதழை நீயே குடுத்துருண்ணே. நான் இந்தப் பால்கோவா கடைகிட்ட நிக்கேன்."

"நீ வராம நான் மட்டும் போயி என்னலே சொல்ல?"

"அந்தம்மா என்னை உள்ள விடாதுண்ணே. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன். பத்திரிகையில் இந்தப் பக்கத்தில் வாராவாரம் ஊரையும் உறவையும் கிண்டலடித்தே பிழைப்பை ஓட்டுகிறவன் நான். இந்த வாரம் கிண்டல் வரவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அந்தம்மா' என்று சங்கரன் சொன்னது ஞானமுத்துவின் அம்மாவை. ஞானமுத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். சங்கரனோடு ஒரே பிரிவில் இருந்தவன். வடக்கே, பாஷை புரியாத ஊரில், நம்ம பக்கத்து ஆள் ஒருவன் கிடைத்தால் எப்படி இருக்கும்? இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். லீவுக்கு ஒன்றாக வருவார்கள், ஒன்றாகத் திரும்புவார்கள். இவன் வீட்டுப் பொங்கல் அங்கே போகும், அவன் வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம் இங்கே வரும்.

எண்பதுகளில், விழாக்களில் ஆகாயத்திலிருந்து குதித்துக் காட்டும் குழு ஒன்றில் இரண்டு பேரையும் சேர்த்தார்கள். லீவில் வந்த சங்கரன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்குவான்.

"பிளேன்லருந்து குதிச்சா நேரா கீழதான் போவோம்னு நினைக்கீகள்ல? அதான் இல்ல. கையைப் பின்னுக்குக் கொண்டுபோயி, காலை நீட்டி, உடம்பை விறைப்பா வச்சுக்கிட்டா, சாய்வாப் போகலாம். கீழ போற மாதிரியே முன்னுக்கும் போவோம். அதுக்குப் பேரு டிராக்கிங்."

ஒருவன் மட்டும் அப்படிப் போனால் டிராக்கிங். ஐந்தாறு பேர் கூட்டமாக, ஒருவர் பின்னால் ஒருவராக ஒழுங்கு கலையாமல் போனால் ஃபார்மேஷன் டிராக்கிங். சாயங்காலம் கண்மாய்க்கு மேலே கொக்குக் கூட்டம் போகுமே, அந்த மாதிரி. முன்னால் ஒருவன் தலைமை. எல்லார் கண்ணும் அவன் மேல். அவன் தன் முழு வேகத்தில் போகக் கூடாது. கூட்டத்தில் யார் ரொம்ப மெதுவோ, அவனுக்கு ஏற்ற வேகத்தில் போக வேண்டும். ஆனால் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலையைத் திருப்பினால் தோள் சாயும். தோள் சாய்ந்தால் போகிற திசை கோணும். அதைவிட மோசம், தரை எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்ற கணக்கு தப்பும்.

"சரி, பொறவு?" என்று கேட்டேன்.

"பொறவென்ன? குறிச்ச உயரம் வந்ததும் முன்னால இருக்கவன் நேராப் போவான். மத்தவங்க ஆளுக்கொரு பக்கம் திரும்பி, எம்புட்டு தூரம் விலக முடியுமோ அம்புட்டு தூரம் விலகிறணும். அப்புறம்தான் பாராசூட்டை விரிக்கணும். பக்கத்துல இருந்தே விரிச்சா ஒருத்தன் மேல ஒருத்தன் மோதிருவோம்."

யோசித்துப் பாருங்கள். அதுவரை கைக்கெட்டும் தூரத்தில் வந்தவனுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அவனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனை விட்டுப் போக வேண்டும். இப்படி ஒரு நட்பு வேறெங்கே உண்டு?

குழுவில் முன்னால் போகிறவன் ஞானமுத்து. பின்னால் வருகிறவர்களில் புதியவன் சங்கரன்.

ஒரு காலைப் பயிற்சியில் ஞானமுத்து இறந்துபோனான். குறித்த உயரத்தில் எல்லோரும் பிரிந்தார்கள். சங்கரனும் திரும்பி, விலகி, பாராசூட்டை விரித்தான். ஞானமுத்து மட்டும் நேரத்துக்கு விரிக்கவில்லை. விரித்தபோது அது முழுசாக விரிவதற்கு உயரம் மிச்சமில்லை.

உடலோடு ஊருக்கு வந்தவன் சங்கரன்தான். நானும் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தம்மா அழவில்லை. சங்கரனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம்மவன் விழுந்தப்ப நீ எங்கலே இருந்தே?"

"நான்... வேற பக்கம் திரும்பிப் போயிட்டேம்மா. அப்படித்தான் போகணும். அதுதான் ரூல்."

"கூடப் பொறந்தவன் மாதிரின்னு சொல்லிக்கிட்டு எங்கையால சோறு தின்னியே. அவனுக்கு முதுகைக் காட்டிட்டா போனே?"

அடக்கம் முடிந்து சங்கரன் மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது கதவைச் சாத்திவிட்டார். அன்று சாத்திய கதவுதான்.

அன்று ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் அவன் என்னிடம் மட்டும் ஒன்றைச் சொன்னான். தரையிலிருந்து பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் அவனிடம் சொன்னது. எல்லோரும் பிரிந்த பிறகும் ஞானமுத்துவின் தலை பின்பக்கமே திரும்பியிருந்ததாம். ஒரு பக்கமாக, சங்கரன் போன பக்கமாக. அவன் விலகிவிட்டானா என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறான்.

"நான் கரெக்டான நேரத்துல விலகிட்டேண்ணே. அவன் பாத்திருக்கவே வேண்டாம்."

"இதை அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானலே?"

"எப்படிண்ணே சொல்ல? அவனுக்கு அந்தப் பழக்கத்தைக் குடுத்ததே அந்தம்மாதான்."

உண்மை. ஞானமுத்துவே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை அது. அவனுக்கு ஒரு தம்பி, செல்வம். பராக்குப் பார்ப்பதில் மன்னன். சின்ன வயதில் ஆடிப்பூரத் தேர் பார்க்க அண்ணன் பின்னால் போனவன், கூட்டத்தில் தொலைந்துபோனான். சாயங்காலம் வரை தேடி, ஒரு பலூன் வண்டி பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அந்தம்மா மூத்தவனுக்கு ஒன்றைப் பாடமாகவே ஆக்கிவிட்டார். "முன்னால போறவன் திரும்பித் திரும்பிப் பாக்கணும். பின்னால வாரவன் வந்துட்டானான்னு பாத்துட்டுத்தான் அடுத்த எட்டு வைக்கணும்." பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் ஞானமுத்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போவான். பட்டாளத்தில் அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறான்.

அதனால் சங்கரன் சொல்லவில்லை. மகனைப் பறிகொடுத்தவரிடம் போய், நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான் அவனைக் கொன்றது என்று எவன் சொல்வான்? நண்பனுக்கு முதுகு காட்டியவன் என்ற பெயரை அவனே சுமந்துகொண்டான். பத்து வருஷத்துக்கு மேல். எனக்கு அவன் மேல் கோபம்கூட வந்ததுண்டு. இப்படியும் ஒரு பிடிவாதமா?

சரி, போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கதவு திறந்துதான் இருந்தது. செல்வம் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது கோர்ட்டில் டைப்பிஸ்ட், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாய்யா" என்றார். அழைப்பிதழை வாங்கிக்கொண்டார், பிரிக்கவில்லை. கண் டி.வி.யிலேயே இருந்தது.

கேபிளில் ஏதோ வெளிநாட்டு சேனல். நாலைந்து பேர் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தார்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி, இரண்டு காலுக்கும் நடுவே துணி. வௌவால் மாதிரி.

"இது என்னதுய்யா? உனக்குத் தெரியுமா?"

"விங்சூட்டுன்னு பேரும்மா. புதுசா வந்திருக்கு."

"இந்தத் துணி இருந்திருந்தா எம்புள்ளை பொழச்சிருப்பானா?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

அவரே கேட்டார். "அவன் வந்திருக்கானா?"

"பால்கோவா கடைகிட்ட நிக்கான்."

அழைப்பிதழை மடியில் வைத்தார். பிறகு, "ஏலே செல்வம், போயி அவனைக் கூட்டிட்டு வா. இது தெரிஞ்சவன் அவன்தான்" என்றார்.

சங்கரன் வந்து வாசலிலேயே நின்றான். மில்லில் நாலு கேட்டுக்கு அதிகாரி. இங்கே ஒரு நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை. அந்தம்மா அவன் முகத்தைப் பார்க்காமல், டி.வி.யைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார்.

"துணி இருந்தா மெதுவா இறங்கலாம்மா. ரொம்ப நேரம் பறக்கலாம், ரொம்ப தூரம் போகலாம். நாங்க வெறும் உடம்பை வச்சுப் பறந்தோம். எங்களுக்கு அம்புட்டு நேரம் கிடையாது. ஆனா இதுலயும் தரை வரைக்கும் பறக்க முடியாது. கடைசியில பிரிஞ்சு போயி, பாராசூட்டை விரிச்சுத்தான் ஆகணும். நேரத்துக்கு விரிக்கலைன்னா துணி இருந்தும் புண்ணியமில்ல."

"முன்னால ஒருத்தன் போறானே. அவன்தான் தலைமையா?"

"ஆமாம்மா."

"எம்மவனும் இப்படித்தான் முன்னால போனானா?"

"ஆமாம்மா."

"இவன் ஏன் பின்னால திரும்பவே மாட்டேங்கான்?"

சங்கரன் என்னைப் பார்த்தான். நான் டி.வி.யைப் பார்த்தேன்.

"திரும்பக் கூடாதும்மா."

"எம்மவன் திரும்பினானா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான்தான் வேற பக்கம் போயிட்டேனே."

"பொய் சொல்லாதலே."

குரலை உயர்த்தவே இல்லை. இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார்.

"அவன் திரும்பியிருப்பான். நான் வளத்த புள்ளையை எனக்குத் தெரியாதா? இந்தக் கூத்தை டி.வி.க்காரன் நாலு நாளாப் போட்டுக் காட்டுதான். முன்னால போறவனையே பாத்துக்கிட்டு இருக்கேன். ஒருதடவைகூட திரும்ப மாட்டேங்கான். எம்மவனால அப்படி இருக்க முடியாது. நான் இருக்க விடல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "யாரைப் பாத்தான்? உன்னையத்தானே?"

சங்கரனுக்கு வாய் கோணியது. அறுபது கிலோ மூட்டையைத் தலையில் ஏற்றினாலும் அசையாத ஆள். "என்னையத்தாம்மா" என்று சொல்லிவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீ அப்ப விலகிட்டியா?"

"விலகிட்டேம்மா."

"சரியா விலகிட்டியா?"

"சரியாத்தாம்மா விலகினேன்."

அந்தம்மா தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"அப்பச் சரி. நீ வந்து சேந்துட்டேங்கிறதைப் பாத்துட்டுத்தான் எம்மவன் போயிருக்கான்."

செல்வம் டி.வி.யை அணைத்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தம்மா அழைப்பிதழைப் பிரித்து, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். "பால் காய்ச்ச வெள்ளனே வரணுமாக்கும்? மொத பஸ்ஸுக்கே வாரேன்" என்றார். சங்கரன் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனான்.

நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்து நின்றார். தெரு நீளம். சங்கரன் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். எதிரே வந்த சைக்கிளில் மோதப் பார்த்தான். சைக்கிள்காரர் திட்டினார். "முன்னால பாத்து நடலே" என்று நானும் சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. தரையில் நடக்கும்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம்.