சின்னம்மா சீராகக் கொண்டுவந்த தேன்பானை

எங்கள் சின்னம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் நூம்பலுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். சின்னம்மாவின் பொறுமையைப் பற்றிப் பெரியவர்கள் பலர் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை முதன்முதலில் சோதித்தவள் நான். ஆகவே அதை நானே எழுதுவதுதான் முறை.

சின்னம்மா பிறந்தது வானகரத்தில். அவர் தகப்பனார் பூசணியும் சுரையும் பீர்க்கும் பயிரிட்டவர். கொடி நன்றாகக் காய்க்க வேண்டுமென்று தோட்டத்து மரங்களில் பானை கட்டித் தேனீ வளர்த்தார். ஆறு பிள்ளைகளில் நான்காவதான சின்னம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தப் பானைகளைப் பார்த்துக்கொள்வதே சிறுவயது முதல் அவர் வேலை.

எங்களைப் பெற்ற தாய் விஷக்காய்ச்சலில் போனபோது எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. எங்கள் தகப்பனாரை நாங்கள் நைனா என்றுதான் அழைப்போம். அவர் விடியுமுன் மாட்டுவண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு பட்டணம் போனால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். எங்களைப் பார்க்க ஆளில்லாமல், அடுத்த வருஷமே சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார்.

சின்னம்மா வந்த வண்டியில் ஒரு பித்தளைக் குடம், இரண்டு பாய், வாயில் துணி கட்டிய ஒரு மண்பானை. பானைக்குள் இரைச்சல் கேட்டது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணூட்டு சீரு இன்னா தெரியுமா? தேனீயாம்!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சின்னம்மா கோபிக்கவில்லை. பின்கட்டுப் புங்க மரத்தில் பானையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, துணியை அவிழ்த்துவிட்டு உள்ளே வந்து அடுப்பு மூட்டினார்.

நான் அவரோடு பேசவில்லை. அவர் பின்னிய சடையைத் தெருவுக்குப் போய் அவிழ்த்துக்கொள்வேன். தம்பி மெல்ல அவரிடம் ஒட்டத் தொடங்கினான். அது எனக்குப் பொறுக்கவில்லை. இறந்த எங்கள் அம்மாவை அவனும் மறந்துவிடுவான் என்று பயந்தேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள், சின்னம்மா மரத்தடியில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். நான் தம்பியின் கையில் ஒரு கருங்கல்லைக் கொடுத்தேன். "பானையைப் பாத்து வுடு. அவளைக் கொட்டினா அவங்க ஊருக்கே ஓடிப்பூடுவா" என்றேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்தான்.

பானை உடைந்து கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தம்பி கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தான். ஓடுகிறவனைத்தான் தேனீக்கள் துரத்தின. சின்னம்மா சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி அவன் மேல் போட்டு, தன் உடம்பால் மூடித் தூக்கிக்கொண்டு அடுப்படிப் புகைக்குள் ஓடினார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அவர் கழுத்திலும் முகத்திலும் தேனீக்கள் அப்பியிருந்தன. அவற்றைத் தட்டிவிட அவருக்குக் கை இல்லை.

தம்பிக்கு மூச்சு இழுத்தது. பூந்தமல்லியிலிருந்து வைத்தியர் பாய் வரும்வரை, வீங்கி மூடிய கண்ணோடு சின்னம்மா அவன் உடம்பைத் தடவித் தடவி, நகத்தால் சுரண்டி, ஒவ்வொரு கொடுக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நைனா வந்தார். "இன்னா நடந்துச்சு?"

"கயிறு இத்துப் போயிருந்துச்சு. நான்தான் கவனிக்கல" என்றார் சின்னம்மா.

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

நைனா காய்ந்த ஓலையை உருவினார். "இப்பவே கொளுத்திடறேன். ஒரு ஈ இருக்கக் கூடாது இந்த ஊட்ல."

"கொளுத்தினா ஈ பூடும். புள்ள மனசுல பூந்த பயம் பூடுமா? கொஞ்ச நாளு குடு" என்று சின்னம்மா கேட்டார். மனைவி அப்படி எதிர்த்துக் கேட்டு நைனாவுக்குப் பழக்கமில்லை. ஓலையைக் கீழே போட்டுவிட்டு, "போகி வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் பழைய பாயோட சேத்து அதுவும் நெருப்புல போவும்" என்றார்.

சின்னம்மா சொன்னது சரியாயிற்று. உடம்பு தேறிய பிறகும் தம்பி வாசலைத் தாண்டவில்லை. சாதாரண ஈ பறந்தாலே நடுங்கி, நின்ற இடத்திலேயே நனைத்துவிடுவான். சின்னம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்துவிட்டு, துணி மாற்றிவிடுவார்.

முதலில் அவர் உடைந்த பானையின் தேனடைகளை மூங்கில் குச்சிகளில் வாழைநாரால் கட்டி வேறொரு பானைக்குள் வைத்து, அதை மரத்தடியில் ஒரு கல்மேல் நிறுத்தினார். தம்பியும் நானும் சன்னல் கம்பி வழியாகப் பார்த்தோம். "அதோ, நீட்டா கீது பாரு, அதான் ராணி. அது உள்ள பூந்துச்சுன்னா மத்ததெல்லாம் தானா வரும்" என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார். வந்தன. தம்பி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பானையடியில் செத்துக் கிடந்த ஒரு தேனீயை ஆலிலையில் ஏந்திவந்து அவன் எதிரில் வைத்தார். தொடச் சொல்லவில்லை. "இதுக்கு எத்தினி காலு?" என்று மட்டும் கேட்டார். அவன் தூரத்திலிருந்து நாலு என்றான். "நல்லாப் பாரு" என்றார். மூன்றாம் நாள் அவன் இலைக்கு முகத்தைக் குனிந்து ஆறு என்று எண்ணினான். அப்புறம்தான் கொடுக்கைக் காட்டினார். "ஒரு தபா கொட்டிச்சுன்னா இது பிச்சிக்கினு வந்துடும். அது கதையும் அத்தோட முடிஞ்சிடும். சும்மா கொட்டாது. ஊடு போயிடும்னு பயந்தாத்தான் கொட்டும்."

தம்பி கேட்டான்: "அப்ப என்னைக் கொட்டினதெல்லாம் செத்துப்பூடுச்சா?"

"செத்துப்பூடுச்சு."

அவன் அழுதுவிட்டான். கொட்டிய வலிக்கு அழுததைவிட அதிகமாக அழுதான்.

மார்கழி பிறந்தது. கோலத்தில் வைக்கப் பூசணிப்பூ பறிக்கும்போது சின்னம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு போவார். பூவுக்குள் தேனீ இருந்தால் அது கிளம்பும்வரை நிற்க வேண்டும், அசையக் கூடாது. தலைக்கு வாசனை எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது. பானை வாசலுக்கு நேரே மறித்து நிற்கக் கூடாது. இவ்வளவுதான் அவர் போட்ட விதிகள். ஒரு நாள் பூவுக்குள் இருந்த தேனீ மேல் ஒரு சிட்டிகைக் கோலமாவைத் தூவினார். "இப்ப ஓடிப்போயி பானையாண்ட நில்லுங்க" என்றார். நாங்கள் ஓடினோம். வெள்ளைப் பொடியோடு அந்தத் தேனீ எங்கள் பானைக்கே வந்து நுழைந்தது. "நம்மளுதுதான்!" என்று தம்பி கத்தினான். முற்றத்தைத் தாண்டித் தன் காலால் ஓடிவந்திருக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அந்த மார்கழியில் ஒரு நாள் நான் தனியாகப் பானையருகே உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசலில் நின்ற காவல் தேனீக்களைக் காட்டினார். "வெளியிலிருந்து வர்றதை இதுங்க மோந்து பாக்கும். வேற ஊட்டு வாசனைன்னா தள்ளிவுடும். ஆனா கால்ல பூந்தூளு சுமந்துக்கினு வந்துச்சுன்னா, சில நேரம் வுட்டுடும்."

அவர் தேனீயைப் பற்றித்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. "கல்லு நான்தான் குடுத்தேன்" என்றேன்.

"தெரியும். எறியறதுக்கு முன்னால அவன் உன்னைத்தான் பாத்தான்."

"நைனாகிட்ட ஏன் சொல்லல?"

"அடி வாங்கிக்கினா நீ என்னை இன்னும் வெறுப்பே. அது இன்னாத்துக்கு எனக்கு?" என்றார். பிறகு என் சடையைப் பிரித்து மறுபடி பின்னினார். அதை நான் அவிழ்க்கவில்லை.

போகி வந்தது. வெயில் ஏறியதும் நைனா சொன்னபடியே பந்தம் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். சின்னம்மா தடுக்கவில்லை, சமையலறை நிலைப்படியில் நின்றார். தம்பி பானைக்கு ஒரு கை தூரத்தில் குந்தியிருந்தான். பந்தத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. நைனா நேரே வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் அவர் கையைப் பிடித்தான்.

"நைனா, அங்க நிக்காத. அதுங்க வர்ற வழி அது. இப்படி வந்து குந்து. கைய வீசாத."

நைனா அவன் இழுத்த இழுப்புக்குப் போய்க் குந்தினார். ஒரு தேனீ தம்பியின் மணிக்கட்டில் உட்கார்ந்தது. "காலுல மஞ்சளா கீது பாரு, பூசணிக் கொடிக்குப் போயிட்டு வருது" என்று அவன் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தான். நைனா பந்தத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அன்று எங்கள் வீட்டில் பழைய பாய் மட்டும் எரிந்தது.

பிறகு எங்களுக்குத் தங்கை பிறந்தாள். கிணறு வற்றிய வருஷத்தில் தண்ணீரை வேலப்பன்சாவடியிலிருந்து சுமந்தபோதும், யுத்தகாலத்தில் அரிசி கிடைக்காமல் கேழ்வரகுக் கூழில் ஒரு வருஷம் ஓட்டியபோதும், மூன்று பிள்ளைகளில் யார் யாருக்குப் பிறந்தவர் என்பதைப் பரிமாறும் கையில் யாரும் கண்டதில்லை. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று உறவினர் கேட்டபோது, "எனக்கு எழுதத் தெரியாது, அவளுக்காவது தெரியட்டும்" என்று என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு எழுத்தும் அவர் கொடுத்தது.

சென்ற ஆண்டு மஞ்சள்காமாலை வந்து இருபது நாள் படுத்திருந்தார். வலியென்று சொல்லவில்லை. கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. தம்பியின் கையைப் பிடித்தபடியே போனார்.

அந்த இருபது நாளும் கூப்பிடாமலே வந்து பார்த்த பூந்தமல்லி வைத்தியர் பாய்க்கும், இரவு பகல் துணையிருந்த வானகரத்து மாமன்மார், அத்தைமாருக்கும், எங்கள் வண்டியை ஓட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், காகிதத் தட்டுப்பாட்டிலும் இம்மலரை அச்சிட்டுத் தந்த அச்சக உரிமையாளருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நன்றி நைனாவுக்கு. கல்லைப் பற்றி நான் இதை எழுதும்வரை அவருக்குத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உன்னை உயிரோட வுட்டிருக்க மாட்டேன். அப்புறம் உன் மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்? என்னையும் சேத்துத்தாம்மா காப்பாத்திட்டுப் போயிருக்கா."

இந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்காதே," என்றார். "எல்லாரும் படிக்கட்டும்."