பலகைக்குள் இருந்த விரல்

எங்கள் வகுப்பு ஸ்மார்ட் பலகைக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்று நான் நம்பினேன். கணிதம் படிப்பிக்கிறவன் எழுதக்கூடிய வசனமா இது? ஆனாலும் நம்பினேன். வலயக் கல்விப் பணிமனையில் கறுத்தக் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்துகொண்டு, இணையம் வழியாக என் பாடத்துக்குள் விரலை நீட்டுகிறார், நான் எப்போது பிழைவிடுவேன் என்று காத்திருக்கிறார். இதுதான் என் கண்டுபிடிப்பு.

எங்களுடையது பண்டத்தரிப்புப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம். தொட்டால் எழுதும், இழுத்தால் நகரும் அந்தப் பெரிய பலகை வந்த பிறகுதான் பின் வாங்குகளில் இருக்கும் பிள்ளைகள் கண்விழித்தார்கள். முக்கோணத்தை விரலால் சுழற்றிப் பார்ப்பதற்கு, "சேர், நான்! சேர், நான்!" என்று போட்டிபோட்டு அடிபட்டார்கள். என் வெண்கட்டிக்காக ஒருவரும் ஒருநாளும் அடிபட்டதில்லை.

நவராத்திரி முடிந்த பிறகு அது தொடங்கியது. வெளியே மழையிருட்டு. பலகையை இயக்கினேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அழித்தேன். திரும்பவும் வந்தது. எழுதுவதற்கு விரலை வைத்தேன். புள்ளியிலிருந்து ஒரு கோடு என் விரலை நோக்கிப் பாய்ந்து வந்தது.

முன்வரிசைப் பிள்ளைகள் வாங்கை மெல்லப் பின்னுக்கு இழுத்தார்கள். நானும் பின்னுக்குப் போனேன், ஆசிரியருக்குரிய கம்பீரத்தோடு.

"சேர், உதுக்குள்ளை ஆரோ நிக்கினம்," என்றாள் ஒருத்தி.

"பேசாமல் இரு பிள்ளை. உது வைரஸ்." பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு பக்கங்கள் தாமாகப் புரண்டன. நான் போட்ட வட்டத்தை யாரோ குறுக்கே வெட்டினார்கள். கை தூக்கிய பிள்ளைகள் கையை மடியில் ஒளித்தார்கள். நான் பலகைக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நடக்கப் பழகினேன், நண்டைப் போல.

பள்ளிக்கூட அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சேர், வெள்ளிக்கிழமை வலயத்திலையிருந்து உங்கடை பாடம் பாக்க வருகினம். பிள்ளையள் பாவிக்கேல்லை எண்டு கண்டால், பலகையைக் கழட்டி மருதனார்மடத்துப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் ஒண்டுக்குக் குடுத்திடுவினம்."

"ரீச்சர், அவை ஏற்கெனவே பாத்துக்கொண்டுதான் இருக்கினம்."

"எங்கையிருந்து?"

"உள்ளுக்கையிருந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டிலை ஒழுங்காய் நித்திரை கொள்ளுறீங்களோ?"

வெள்ளிக்கிழமை காலை, வெறும் வகுப்பறையில், நானும் பலகையும் தனியே. நடுவில் புள்ளி அசையாமல் என்னைப் பார்த்தது. வாசல் படலையில் வாகனச் சத்தம் கேட்டது. சட்டைப் பையிலிருந்து, தாளில் மடித்த விபூதிச் சரையை எடுத்தேன். கணித ஆசிரியரின் கடைசி ஆயுதம். பூசுவதற்குப் பலகையின் மேல்சட்டத்தின் உள்விளிம்பில் விரலை வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பொட்டு இருந்தது.

காய்ந்த சந்தனம். நவராத்திரி முடிவில் வந்த வாணி விழாவன்று பிள்ளைகள் பூமியுருண்டை, தண்ணீர்க் குழாய், என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பலகைக்கும் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று. இரண்டையும் நகத்தால் சுரண்டினேன். திரையிலிருந்த புள்ளி மறைந்தது. பலகை பூட்ட வந்தவர்கள் அன்று சொன்னது நினைவு வந்தது: சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறதாம். விரல் அதை மறித்தால்தான் தொட்டது பலகைக்குத் தெரியுமாம். மேலேயும் பக்கத்திலும் சந்தனம் மறிக்க, இரண்டும் சந்திக்கும் நடுவில் பலகை ஒரு விரலைக் கண்டிருக்கிறது.

வலயத்திலிருந்து வந்தவர் கண்ணாடியே போடாதவர். கடைசி வாங்கில் இருந்தார். நான் முக்கோணத்தை வரைந்து, "ஆர் வந்து சுழட்டுறது?" என்றேன். ஒரு கையும் எழும்பவில்லை. சந்தனம் போனாலும் பயம் போகவில்லை. அவருடைய பேனை எதையோ எழுதத் தொடங்கியது. பலகை எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன்.

அன்று "ஆரோ நிக்கினம்" என்று சொன்ன முன்வாங்குப் பிள்ளை மெல்லக் கேட்டாள்: "சேர், அவர் போயிட்டாரோ?"

"ஓம் பிள்ளை, போயிட்டார்."

"ஆர் போனது?" என்றார் வந்தவர்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் எழும்பி வந்து, ஒற்றை விரலால் முக்கோணத்தைத் தொட்டாள். அது சுழன்றது. பின் வாங்கிலிருந்து இரண்டு பேர் தள்ளுப்பட்டுக்கொண்டு வந்தார்கள். மணி அடிக்கும்வரை ஒருவரும் தங்கள் வாங்கில் உட்காரவில்லை.

பலகையை அவர்கள் கழற்றவில்லை. அது எங்கள் வகுப்பிலேயே இருக்கிறது.