திரையில் இருந்த வீட்டுப் படம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா மீன்பிடிக்கப் போகையில் கடலுக்குக் கொண்டுபோகவென்று கைக்குள் அடங்குகிற ஜீ.பி.எஸ் பெட்டி ஒன்று வாங்கினார். பருத்தித்துறையில் வாடகை வீட்டில் இருந்தோம். வள்ளம் கட்டும் கரையில் நின்று அவர் ஒரு பொத்தானை அமத்த, திரையில் சின்னதாய் ஒரு வீட்டுப் படம் வந்தது. கடலில் எங்கே நின்றாலும் அம்புக்குறி அந்த வீட்டைக் காட்டும் என்றார். எப்படிக் காட்டும் என்று கேட்டேன். வானத்தில் சுற்றுகிற செய்மதி பார்த்துச் சொல்லும் என்றார். அதற்கு எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. "போய்ப் படி பிள்ளை" என்று கலைத்துவிட்டார்.

விட்டேனா? அவர் பகலில் நித்திரை கொள்ளும்போதெல்லாம் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒழுங்கைகளில் சுற்றுவேன். கோயிலடி வரைக்கும் போய், அம்புக்குறியைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வருவேன். அதுக்கு வேலியும் தெரியாது, மதிலும் தெரியாது. நேரே போ என்று மட்டும் சொல்லும். ஒருநாள் அதன் சொல் கேட்டு அடுத்த வீட்டு வளவு மரவள்ளிக்குள் இறங்கி, நல்லாய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான், சண்டைக் காலத்தில் விட்டு வந்த எங்கள் ஊரைப் போய்ப் பார்க்க ஆமிக்காரர் விட்டார்கள். மேற்கே, அதே கடற்கரையில், நான் பிறக்க முன்னமே அப்பாவும் அம்மாவும் வெளிக்கிட்ட இடம். போனால் ஒரே பற்றைக்காடு. அப்பா கிணற்றைத் தேடிப் போக, அம்மா முள்ளுக்குள்ளால் நடந்து ஒரு சீமெந்துத் தரையில் போய் நின்றா. காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தா.

"இதுதான் பிள்ளை எங்கடை வீடு."

எனக்குப் பெரிய ஆச்சரியம். அப்போ அப்பாவின் பெட்டியில் இருப்பது பிழையல்லவோ? பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த பெட்டியை எடுத்தேன். வீட்டுப் படத்தை இந்த இடத்துக்கு மாற்றவோ என்று அது கேட்டது. ஓம் என்று அமத்தினேன். அம்மா அழத் தொடங்கியதால் சொல்ல வாய்க்கவில்லை, பிறகு மறந்தும் போனேன்.

அடுத்த நாள் இரவு அப்பா கடலுக்குப் போனார். விடியும்போது மழை இருட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சவீடுகூடத் தெரியவில்லை. எட்டு மணிக்கு வருகிறவர் பத்தாகியும் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. அம்மா கரையில் நனைந்துகொண்டு, "ஐயோ முருகா, என்ரை மனிசனைக் கொண்டு வந்து விடப்பா" என்று கத்தினா. பெட்டி இருக்கிறதுதானே, எப்படி வழி தவறும் என்று யோசித்தேன். அப்போதுதான் வீட்டுப் படத்தை மாற்றியது நினைவு வந்தது. அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வள்ளக்காரர் உடனே மேற்கே எங்கள் பழைய ஊர்ப் பக்கம் போய், மண்ணெண்ணெய் முடிந்து மிதந்துகொண்டிருந்த அப்பாவை இழுத்து வந்தார்கள்.

அடி விழப்போகிறது என்று நின்றேன். அப்பா தலையைத் துடைத்துவிட்டு, "ஆர் பிள்ளை உன்னை உந்த வீட்டுப் படத்தை மாத்தச் சொன்னது?" என்றார்.

"அம்மாதான் சொன்னவா, அதுதான் எங்கடை வீடு எண்டு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி வைக்கப் போனா. மழை விட்டதும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போய், வள்ளம் கட்டும் இடத்தை ஒரு நங்கூரப் படம் போட்டுப் புதிதாகப் பதிந்தார். வீட்டுப் படத்தை அழிக்கவில்லை. பாவம், அழிக்கத் தெரியாதாக்கும் என்று நினைத்து, "நான் காட்டித் தரட்டோ அப்பா?" என்று கேட்டேன். அவர் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். எங்கள் அப்பாவுக்கு ஒரு படம் அழிக்கத் தெரியாது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன்.