எண்பத்தாறாம் நம்பர் காபி

என் தங்கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. சின்னப் பொய் சொன்னாலே மூக்கு நுனி சிவந்துவிடும். இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன், இது நடந்தது. அதுவும் இருட்டில் அல்ல. பட்டப்பகலில், மணி மூன்று பத்துக்கு.

அவளுக்கு ஒரு பர்கர் கடையில் கவுண்டர் வேலை. எட்டு மணி நேரமும் நின்றே ஆக வேண்டும். கால் வீங்கினாலும் பல் தெரியச் சிரிக்க வேண்டும். எண்ணெய் வாடை தலைமுடியில் ஏறிவிட்டது, எத்தனை முறை குளித்தாலும் போவதில்லை. மாப்பிள்ளை முதுகில் அடிபட்டுப் படுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் ஒருத்தி சம்பளத்தில்.

கவுண்டருக்கு மேலே ஒரு திரை உண்டு. ஆர்டர் தயாரானதும் நம்பர் வரும், கூடவே கடிகாரம் ஓடும். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் நம்பர் மறையும். மூன்று நிமிஷம் தாண்டினால் சிவப்பு. மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் அங்கே எல்லோரும் ஒரு திருட்டு வேலை செய்வார்கள். ஆள் வந்து வாங்குவதற்கு முன்பே அழுத்திவிடுவார்கள். சொல்லிக் கொடுத்த மகராசனே மேனேஜர்தான்.

அந்த மாதம் தங்கைக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு விழுந்திருந்தது.

திங்கட்கிழமை. மூன்று பத்து. மதியக் கூட்டம் வடிந்து, ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். திரையில் 86 வந்தது. ஒரு காபி.

"எண்பத்தாறு!" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. அழுத்தினாள். மறைந்தது.

செவ்வாய். அதே மூன்று பத்து. அதே 86. ஒரு காபி. சமையலறைப் பக்கம் திரும்பி, "அண்ணே, எண்பத்தாறு எங்கே?" என்றாள்.

"அது காலையிலயே போயிடுச்சும்மா. இப்ப முந்நூத்திப் பன்னெண்டு ஓடுது. தூக்கமா உனக்கு?"

அழுத்தினாள்.

புதன். மூன்று பத்து. 86.

யாராக இருந்தாலும் இன்று பார்த்துவிடுவது என்று இருந்தாள். தானே ஒரு காபி பிடித்து டிரேயில் வைத்தாள். கூப்பிட்டாள்.

"வர்றேன்..."

வயதான குரல். கண்ணாடி ஓரத்து மேஜையிலிருந்து.

அங்கே யாரும் இல்லை.

க்ரீச்... நாற்காலி பின்னால் நகர்ந்தது.

பிறகு கைத்தடி. டக்... ஒரு காலை இழுக்கும் சத்தம்... டக்...

திரைக் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட்.

ஓடத் தோன்றியது அவளுக்கு. விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டாள்.

டக்...

இரண்டு முப்பது. பாதி தூரம்.

"இரும்மா... வந்துட்டேன்..."

இரண்டு ஐம்பத்தைந்து.

டக்...

ஐம்பத்தெட்டு.

அழுத்தினாள்.

சத்தம் நின்றது.

அன்று சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து அழுதாள். கழிப்பறை கழுவும் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எண்பத்தாறா?" என்று அவளே கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கடை திறந்த புதிதில், கூட்டம் அதிகம் இல்லாத நாளில் நடந்ததாம். கால் சரியில்லாத ஒரு பெரியவர், காபிக்குச் சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடி ஓரத்து மேஜையில் காத்திருந்தார். மூன்று பத்துக்கு எண்பத்தாறு என்று கூப்பிட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். முன்பே அழுத்திவிட்டதால் திரையில் நம்பர் இல்லை. அதனால் யாரும் தேடவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆறு மணிக்கு மேஜை துடைக்கப் போனபோதுதான் தெரிந்தது. ஐந்து மணி வரை உயிர் இருந்ததாக டாக்டர் சொன்னாராம்.

"அன்னைக்கு அழுத்தினது யாரு, அக்கா?"

"நான்தான். அப்ப நான் கவுண்டர்ல நின்னேன். இந்தக் கழுவுற வேலைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

அக்கா மெல்லக் கேட்டாள்.

"உனக்கு எதுவரைக்கும் வந்திருக்காரு?"

"பாதி தூரம் தாண்டிட்டாரு."

"அழுத்த அழுத்தக் கிட்ட வருவாரு. கடைசியில கவுண்டருக்கு உள்ளயே வந்துட்டாரு. என் பிடரியில மூச்சு பட்டுது."

"அழுத்தாம இருந்தா?"

"வேலை போயிடும்."

மறுநாள் வியாழன். மூன்று பத்துக்குத் தங்கை கவுண்டரில்தான் நின்றாள். வேறு எங்கே போவாள்?