ஒடெஸ்ஸா அம்மாளின் பத்துக் காராமணி

காலை எட்டேகாலுக்கு ஒடெஸ்ஸா ப்ரூயிட் அம்மாள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வானாய்வுக்கூடத்தின் பதிவுக்குரல் மணி, நிமிஷம், நொடி என்று ஒப்பித்துக்கொண்டே போகும். அதைக் கேட்டு, தாளில் நேரத்தை முத்திரை குத்தும் மேசைக் கடிகாரத்தைத் திருத்துவார். அது முடியும்வரை யார் வந்தாலும் சரி, உள்ளங்கையை உயர்த்திக் காட்டிவிடுவார். ஒருமுறை ஒரு துணை அதிபரே அந்தக் கைக்கு முன்னால் முழுசாக அரை நிமிஷம் நின்றிருக்கிறார்.

வாஷிங்டனில் அதிபர் மாளிகைக்கு அடுத்த கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. நாடாளுமன்றம் நிறைவேற்றும் மசோதா எதுவானாலும் முதலில் அந்த மேசைக்குத்தான் வரும். வந்த நாளையும் நேரத்தையும் பேரேட்டில் குறிப்பது அவர் வேலை. பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்துதான், படையை ஏவவும் குற்றவாளியை மன்னிக்கவும் அதிகாரம் உள்ள மனிதருக்கே கெடு ஓடத் தொடங்குகிறது. வந்த நாளும் ஞாயிறும் நீங்கலாகப் பத்து நாள். அதற்குள் கையெழுத்துப் போடலாம், அல்லது முடியாது என்று திருப்பி அனுப்பலாம். இரண்டும் செய்யாமல் இருந்தால் பத்தாம் நாள் கழிந்ததும் மசோதா தானாகச் சட்டமாகிவிடும். ஆனால் பத்து நாள் நிறைவதற்குள் நாடாளுமன்றம் கூட்டத்தொடரை முடித்துக் கலைந்துவிட்டால் அது சத்தமில்லாமல் செத்துப்போகும்.

கெடுவை எண்ண ஒடெஸ்ஸா அம்மாள் வைத்திருப்பது காராமணி. ஒவ்வொரு மசோதாவுக்கும் இரண்டு சின்னத் தட்டு, பத்துக் காராமணி. தினமும் காலையில் ஒரு காராமணி இடத்தட்டிலிருந்து வலத்தட்டுக்குப் போகும். அடுத்த அறையில் கணினிக்காரர்கள் சிரிப்பார்கள். "சிரிங்க சாமி, நல்லா சிரிங்க. கரண்ட் போனா உங்க பொட்டி படுத்துக்கும். என் காராமணி படுக்குமா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை காராமணி நகராது. "உலகத்தைப் படைச்சவரே ஏழாம் நாள் ஓஞ்சு உக்காந்தாரு. அதிபருக்கு மட்டும் என்ன கொள்ளை?"

முப்பத்தொரு வருஷத்தில் ஆறு அதிபர்களைப் பார்த்தாயிற்று. போர், ரகசிய ஆணை, நண்பர்களுக்கு மன்னிப்பு, பதவிநீக்க விசாரணை என்று ஊர் இரண்டுபட்டுக் கிடந்த நாட்களிலும் இவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை மணிக்கு வந்தது? எந்த மசோதாவையும் அவர் படித்ததில்லை.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் ராஸ்கோ டில்மன். நாடாளுமன்றத்திலிருந்து மசோதாக்களைத் தோல்பையில் சுமந்து வருபவர். பத்தொன்பது வருஷமாக அந்த அறையில் காப்பி குடித்தவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அவருக்கு ஒரு டிசம்பரில் சறுக்கியது. திங்கட்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு ஒரு மசோதாவைக் கொடுத்தவர், பனிமழையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்கிற அவசரத்தில் ரசீதில் கையெழுத்து வாங்காமல் ஓடிவிட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை பையை உதறும்போது வெற்று ரசீது விழுந்தது. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

காரணம் இருந்தது. அது சுரங்கத்தில் நிலக்கரித் தூசி தின்று நெஞ்சு கெட்டவர்களுக்குக் காலம் முழுக்க வைத்தியச் செலவு தரும் மசோதா. அதிபருக்கு அதில் இஷ்டமில்லை. சுரங்க முதலாளிகள் அவருக்கு வேண்டியவர்கள். திருப்பி அனுப்பினால் சுரங்க ஊர்களில் ஓட்டுப் போய்விடும். பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது. நாடாளுமன்றம் சனிக்கிழமை நண்பகலில் கலைகிறது. பத்தாம் நாளோ வெள்ளி. கெடு ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தால் போதும், மசோதா தானாகச் செத்திருக்கும்!

ராஸ்கோ மூச்சு வாங்க வந்து ரசீதை மேசைமேல் வைத்தார். "மிஸ் ஒடெஸ்ஸா, திங்கக்கிழமை தேதி போட்டுக் குடுத்துருங்க. உண்மைதானே? நீங்கதானே வாங்குனீங்க?"

"வாங்குனேன், பேரேட்டுல எழுதியும் வச்சிருக்கேன். ஆனா இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா இன்னிக்குத் தேதிதான்யா விழும்."

"வியாழக்கிழமை தேதியைப் பாத்தா இன்னிக்குத்தான் வந்துச்சும்பாங்களே! ஏங்க, எங்க அண்ணன் மூக்குல குழாயோட..."

"சொல்லாதய்யா!" ஒடெஸ்ஸா அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். "தெரிஞ்சா என் கை ஒரு பக்கமா சாயும். போய் அந்த நாக்காலில உக்காரு."

இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று ராஸ்கோ கறுவிக்கொண்டு உட்கார்ந்தபோது, அதிபரின் வழக்கறிஞர்களில் ஒருவரான விட்டேக்கர் உள்ளே வந்தார். கதவோரத்து ராஸ்கோ அவர் கண்ணுக்குக் கோட்டு மாட்டும் கம்பம் மாதிரிதான் பட்டிருக்க வேண்டும். மேசைமேல் கிடந்த வெற்று ரசீதைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சுரங்க மசோதாவுக்கு ரசீதே ஆகலையா மேடம்? அப்ப அது செவ்வாய்க்கிழமை காலைலகூட வந்திருக்கலாம். திங்கக்கிழமை சாயங்காலம் பனி கொட்டுச்சே. பேரேட்டுல கை தவறிப் போச்சுன்னு ஒரு திருத்தம் போடுங்க. பெரியவர் மறக்க மாட்டாரு." சொல்லிக்கொண்டே குனிந்து, வலத்தட்டில் இருந்த ஒன்பது காராமணியில் ஒன்றை விரலால் எடுத்து இடத்தட்டில் போட்டார்.

ராஸ்கோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். ஓய்வூதியத்துக்கு ஏழு மாதம் இருக்கும் பெண்பிள்ளை. எதிரில் நிற்பது அதிபரின் ஆள்.

ஒடெஸ்ஸா அம்மாள் அந்தக் காராமணியை எடுத்தார். முந்தானை இல்லாத ஊர். ஸ்வெட்டர் நுனியில் துடைத்தார். வலத்தட்டில் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை விட்டேக்கர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க வக்கீல் சார். வந்த நேரத்தை முத்திரை குத்தி, பேரேட்டுலயே ஒட்டி வச்சிடுறேன்."

விட்டேக்கர் தாளைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவைத் தொடாமலே போய்விட்டார். கதவு சாத்திய பிறகு ஒடெஸ்ஸா அம்மாள் வலத்தட்டின் ஒன்பது காராமணியையும் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்ப்பதை ராஸ்கோ கண்டார். கல்நெஞ்சு என்று நினைத்த தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை கழிந்தது. கையெழுத்தும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது மசோதா சட்டமாகியிருந்தது.

எட்டு மணிக்கெல்லாம் ராஸ்கோ ஓடிவந்தார். கண் சிவந்திருந்தது. ஒடெஸ்ஸா அம்மாள் பத்துக் காராமணியையும் டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார். அதே வெற்று ரசீதை நீட்டினார் ராஸ்கோ. "கோப்புல வைக்கணும். இன்னிக்குத் தேதியே போடுங்க, தாயே. இப்பவாவது நான் சொல்லலாமா? எங்க அண்ணன் ராத்திரி..."

ஒடெஸ்ஸா அம்மாள் பேனாவைத் திறந்து தேதியை எழுதினார். நேரம் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது; அன்றைக்குக் கடிகாரத்தை இன்னும் திருத்தவில்லை. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, ராஸ்கோவின் முகத்துக்கு நேரே உள்ளங்கையை உயர்த்தினார்.